காசில்லாதவனின் கனவுப் படம்: "புரியவில்லை" என்பவர்களுக்கு என்ன பதில்? (ஒரு விவாதம்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பதினோராம் நிமிடம்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து முடித்திருக்கிறோம். 11 நிமிடம். இரவல் கேமரா, வீட்டில் இருந்த இரண்டு மேசை விளக்குகள், ஒன்பது இரவுகள். நடித்தவர் என்னோடு படித்தவர். இதற்கு முன் கேமரா முன்னால் நின்றதில்லை.

கதை இவ்வளவுதான். ஒருவன் தன் அறையில் இருக்கும் துணி அலமாரியைத் திறக்கிறான். தொங்கும் சட்டைகளை விலக்கினால் பின்பலகைக்குப் பதிலாகக் கீழே இறங்கும் படிக்கட்டு. இறங்குகிறான். அடியில் அதே அறை, அதே கட்டில். கட்டிலில் வயதான ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். இவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் அங்கே முடிகிறது.

சென்ற வாரம் தெரிந்தவர்கள் 14 பேருக்குப் போட்டுக் காட்டினோம். பாதிப் பேர் "புரியவில்லை" என்றார்கள். அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் எனக்கு நெருக்கமான ஒருவர், நிறையப் படம் பார்க்கிறவர், கிளம்பும்போது சொன்னார்: "காசில்லாதவர்களுக்குக் கதை எழுத வராவிட்டால் கனவு என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். கனவில் எது வேண்டுமானாலும் நடக்கலாமே, யார் கேட்கப்போகிறார்கள்?"

அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அவர் சொன்னது உண்மையா? சர்ரியல் படம் (கனவின் போக்கில் போகும் படம்), பரிசோதனைப் படம் என்று நாம் கொண்டாடுவதில் எது தேவையால் வந்த விசித்திரம், எது இயலாமையை மூடும் போர்வை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறுதல் வேண்டாம். நீங்கள் உண்மையில் நினைப்பதை எழுதுங்கள்.

கதைதான் முதல்

ஆறுதல் வேண்டாம் என்று கேட்டதற்காகவே எழுதுகிறேன். உங்கள் நண்பர் கடுமையாகப் பேசியிருக்கிறார். தவறாகப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

படம் பார்க்க உட்காருகிறவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். அதற்கு ஈடாகப் படம் எடுத்தவர் ஏதாவது திருப்பித் தர வேண்டும். நான் இந்த வகைப் படங்களைப் பார்க்காமல் பேசவில்லை. மைக்கேல் ஸ்னோவின் 'வேவ்லெங்த்' (1967) படத்தை இரண்டு முறை கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவன். 45 நிமிடம். ஒரே அறை. கேமரா எதிர்ச்சுவரை நோக்கி மெல்ல மெல்ல ஜூம் ஆகிறது. கூடவே ஒரு மின்னொலி காதைத் துளைக்கும் உயரத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு மனிதன் உள்ளே வந்து தரையில் விழுகிறான். கேமரா அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. இறுதியில் சுவரில் ஒட்டியிருக்கும் அலைகளின் புகைப்படம் திரை முழுவதும் நிறைகிறது. ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான், அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கவலை, படத்துக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு முறையும் கோபத்தோடுதான் எழுந்தேன்.

காசு இல்லை என்பதை ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். ஷேன் கரூத் 'பிரைமர்' படத்தைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். எழுத்து, இயக்கம், நடிப்பு, படத்தொகுப்பு, இசை எல்லாம் அவரே. 2004இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் முதல் பரிசு அதற்குத்தான். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நான்காவது முறை பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, யார் எப்போது எந்தக் காலப்பயணப் பெட்டிக்குள் போகிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. அந்த இயக்குநர் எனக்காக உழைத்திருக்கிறார் என்பது ஒவ்வொரு கோட்டிலும் தெரிந்தது.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998). நடித்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஏறத்தாழ ஒரு வருடம் வார இறுதிகளில் மட்டுமே படப்பிடிப்பு. படச்சுருள் விலை அதிகம் என்பதால் நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு ஓரிரு டேக்கில் முடித்தார்கள். காலவரிசை கலைந்து கிடக்கும் படம்தான், ஆனால் கடைசியில் ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தில் போய் உட்காருகிறது.

வறுமை இவர்களைக் குழப்பத்துக்குத் தள்ளவில்லை, கூர்மையாக்கியது. உங்கள் அலமாரிக்குள் ஏன் படிக்கட்டு? கட்டிலில் யார்? உங்களுக்கே பதில் தெரிந்தால் படத்தில் வையுங்கள். தெரியாவிட்டால் நண்பர் சொன்னதுதான் சரி.

பழைய சுருள்

ஒரு வரலாற்றுத் திருத்தம் மட்டும். கனவுப் படம் என்பது காசில்லாதவர்களின் ஒதுங்கும் இடம் என்ற எண்ணமே தவறு. 1930இல் பிரெஞ்சுப் பிரபு நோவாய் தன் கைப்பணத்தைப் போட்டுத்தான் ழான் காக்தோவுக்கு 'ஒரு கவிஞனின் குருதி'யையும் லூயி புனுவேலுக்கு 'பொற்கால'த்தையும் எடுக்க வழிசெய்தார். ஃபெலினியின் '8½' (1963) எந்த வகையிலும் ஏழைப் படம் இல்லை. பெரிய பணத்தோடு கனவு கண்டவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஆகவே "காசில்லை" என்பதையும் "கனவு" என்பதையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். இரண்டும் வேறு கேள்விகள்.

இன்னொன்று. கனவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அந்த நண்பர் சொன்னாராம். புனுவேலும் ஓவியர் சால்வடார் டாலியும் 'அந்தலூசிய நாய்' (1929) படத்தை ஒரு வாரத்துக்குள் எழுதியபோது தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: பகுத்தறிவால் விளக்கம் சொல்லிவிடக்கூடிய எந்தப் பிம்பமும் வேண்டாம். ஒருவர் சொல்லும் பிம்பத்தை மற்றவர் மறுத்தால் அது அங்கேயே கைவிடப்படும். வாயில் வந்ததையெல்லாம் எழுதி வைத்த படம் இல்லை அது. திரையில் "எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்து வரும். யாருக்கும் வயது கூடியிருக்காது. காட்சியின் நடுவே "பதினாறு ஆண்டுகளுக்கு முன்" என்று வரும். அறை அதே அறையாக இருக்கும். இது கவனக்குறைவு என்று யாருக்காவது தோன்றுமா? அவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிற பொய் அது. படத்துக்குப் பணம் கொடுத்தது புனுவேலின் தாயார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பெட்டி

நான் 19 வருடங்களாக ஒலிக்கலவை செய்கிறவள். பிறர் எடுத்த படங்களின் ஒலியைக் கேட்டுக் கேட்டே காலம் போயிற்று. குறும்படங்கள், பட்டப்படிப்பு மாணவர்களின் படங்கள், ஒருவரும் பார்க்காமல் போன முழுநீளப் படங்கள் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

'கதைதான் முதல்' நண்பரே, நீங்கள் பாராட்டிய இரண்டு படங்களும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அவை புதிர்கள். புதிருக்கு விடை உண்டு. அதை எங்கே ஒளித்து வைத்தார் என்று தேடுவதில்தான் அந்த மகிழ்ச்சி. கனவுக்கு விடை கிடையாது. கனவுப் படத்திடம் போய் விடையைக் கேட்பது தாலாட்டிடம் போய்ச் செய்தி கேட்பது போன்றது.

இன்னொரு விஷயத்தை என் வேலையில் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். பார்வையாளர் "புரியவில்லை" என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர் சொல்ல வருவது "நம்ப முடியவில்லை" என்பதைத்தான். புரியாத எத்தனையோ விஷயங்களை மனிதர்கள் வாய் திறவாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். எடுத்தவர் அதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறார் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் போதும். அந்த நம்பிக்கை எப்போது உடையும் தெரியுமா? அலமாரிக்குள் படிக்கட்டு இருப்பதால் உடையாது. படிக்கட்டில் இறங்குகிறவனின் காலடி ஓசை அவன் காலுக்குப் பொருந்தாதபோது உடையும்.

டேவிட் லிஞ்சின் 'எரேசர்ஹெட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் தொடங்கி 1977இல் வெளியான படம். அமெரிக்கத் திரைப்படக் கழகம் கொடுத்த 10,000 டாலர் தீர்ந்த பிறகு லிஞ்ச் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்துப் படத்தைத் தொடர்ந்தார். கதாநாயகன் ஹென்ரியாக நடித்த ஜாக் நான்ஸ் அந்த நிமிர்ந்து நிற்கும் தலைமுடியை வருடக்கணக்கில் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார். படத்தில் ஓர் இடத்தில் ஹென்ரி நடைவழியில் வந்து கதவின் கைப்பிடியைத் திருகுகிறான். அவன் அறைக்குள் நுழைகிற ஷாட் எடுக்கப்பட்டது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. ஒன்றரை வருடம்! இரண்டு ஷாட்டும் சேரும் அந்த வெட்டை ஹெட்போன் போட்டுக்கொண்டு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தையல் எங்கே என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாது. காரணம் ஒலி. லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்லெட்டும் ஒலிக்காகவே மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்தப் படத்தில் வெற்று மௌனம் என்று ஒன்று கிடையாது. சுவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, இடம் மாறினால் அதன் குரலும் மாறுகிறது. அந்த உலகம் என்ன உலகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைவிட எளிய உதாரணம் வேண்டுமென்றால் மாயா டேரனும் அலெக்சாண்டர் ஹாமிட்டும் 1943இல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்'. 14 நிமிடம். அவர்களே குடியிருந்த வீடு, ஒரு 16 எம்.எம். கேமரா, சுமார் 275 டாலர். நடித்ததும் அவர்களே. அதில் ஒரு பெண் கத்தியோடு நாற்காலியிலிருந்து எழுந்து தூங்குகிறவளை நோக்கி நடக்கிறாள். மேசையைக் கடக்கச் சில அடிகள்தான். ஓர் அடி மணலில் விழுகிறது. அடுத்தது புல்லில். அடுத்தது நடைபாதையில். அதற்கடுத்தது வீட்டு விரிப்பில். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெட்டு. கால் தூக்கப்படும் வேகமும் இறங்கும் கணமும் ஒன்றோடொன்று அவ்வளவு சரியாகப் பொருந்துவதால், ஒரு பெண் ஓர் அறையைக் கடக்க உலகத்தையே கடக்கிறாள் என்று நம் உடம்பு ஒப்புக்கொண்டுவிடுகிறது. அது முதலில் மௌனப் படம். டெய்ஜி இட்டோவின் இசை 1959இல்தான் சேர்க்கப்பட்டது. ஒலியே இல்லாமல், காலடியின் தாளத்தால் மட்டுமே செய்த வேலை அது. செலவு செய்ய எதுவும் இல்லாத இடத்தில் அவர்கள் செலவழித்தது கவனத்தை.

ஆகவே உங்கள் படத்தின் அர்த்தம் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். படிக்கட்டில் இறங்கும் ஷாட்டில் என்ன ஒலி வைத்திருக்கிறீர்கள்? அந்தப் படி மரமா, சிமெண்டா? மேல் அறையின் ஒலியும் கீழ் அறையின் ஒலியும் ஒன்றா, வேறா? தூங்குகிறவர் மூச்சு கேட்கிறதா? படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்தீர்களா?

சாளரம்

'ஒலிப்பெட்டி' அக்கா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு ஏற்புடையதே. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லாவற்றையும் முன்பே தெளிவாகக் கண்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் படச்சுருள் வாங்கவும் வழியில்லாத காலத்தில், விளக்கில் விழுந்து இறந்த விட்டில்களின் இறக்கைகளையும் புல்லையும் இதழ்களையும் ஒட்டுநாடா இரண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, அதையே படச்சுருளாக அச்செடுத்தார். 'மாத்லைட்', 1963. கேமராவே இல்லாத படம். ஒவ்வொரு சட்டகத்திலும் என்ன விழும் என்று அவரால் முழுவதும் தீர்மானித்திருக்க முடியாது. ஆனாலும் அந்த நான்கு நிமிடத்தில் செத்த இறக்கைகள் மறுபடியும் ஒளியை நோக்கிப் படபடக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தற்செயலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

'கதைதான் முதல்' அவர்களுக்கு: அந்த விழுந்த மனிதனுக்காக உங்களுக்கு வந்த கோபம் வீண் என்று நான் நினைக்கவில்லை. கேமரா ஒருவரைக் கடந்து போவதை 45 நிமிடம் உங்களை உணர வைத்தது அந்தப் படம்தானே?

பதினோராம் நிமிடம்

எல்லோருக்கும் நன்றி. 'ஒலிப்பெட்டி' அவர்களின் கேள்விகளைப் படித்துவிட்டு அன்று இரவே படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

படிக்கட்டில் இறங்கும் ஷாட்டில் காலடி ஓசையே இல்லை. படம் முழுவதும், முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை, தாழ்ந்த ரீங்காரம் ஒன்றை ஓட விட்டிருக்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. கனவு போல இருக்கும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். உண்மையான காரணம் அதுவல்ல. நாங்கள் பதிவு செய்த ஒலி முழுக்க இரைச்சல். அதை மறைக்கத்தான் அந்த ரீங்காரம். நண்பர் போர்வை என்று சொல்லவில்லை, நான்தான் கேள்வியில் அந்தச் சொல்லை எழுதினேன். இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

படி சிமெண்டு. மாடிப்படியின் மேல்முனையில் பின்பலகையைக் கழற்றிய அலமாரியை நிறுத்தி எடுத்தோம். அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றே தெரியாது.

'கதைதான் முதல்' அவர்கள் கட்டிலில் யார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். என் அப்பா. அவருக்கு 12 வருடம் இரவுப் பணி. பகலில் தூங்குவார். பள்ளி விட்டு வந்தால் வீட்டுக்குள் நாங்கள் யாரும் பேசியதில்லை. கதவின் தாழ்ப்பாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இரும்பு இரும்போடு உரசாமல் மெல்ல இழுக்க எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். விடுமுறை நாட்களில் சுவரோரமாக உட்கார்ந்து அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரோடு நான் அதிக நேரம் கழித்தது அப்படித்தான். கூட எடுத்த இருவருக்கும்கூட இதைச் சொன்னதில்லை.

கதைதான் முதல்

இதைப் படித்த பிறகு என் முதல் பதிலில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். உங்களுக்குக் கதை எழுத வராது என்ற சந்தேகம் எனக்கு இனி இல்லை.

ஆனால் என் கேள்வி இன்னும் வலுவாகிறது. இவ்வளவு நல்ல விஷயம் கையில் இருக்கும்போது அதைப் பார்வையாளரிடமிருந்து ஏன் மறைக்க வேண்டும்? சுவரில் ஒரு புகைப்படம் போதும், அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்பதுபோல. அல்லது ஆணியில் தொங்கும் பணிச் சீருடை. 14 பேரும் புரிந்துகொண்டிருப்பார்கள். புரிய வைப்பது சிறுமை இல்லை, மரியாதை.

ஒலிப்பெட்டி

புகைப்படம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. புகைப்படத்தைப் பார்த்த கணத்தில் பார்வையாளர் "ஓ, அப்பாவா" என்று முடித்துக்கொள்வார். அதன்பின் மீதி நேரம் அவர் அந்த அறையில் இருக்க மாட்டார். சீருடையைப் பற்றி யோசிக்கலாம், அது அவ்வளவு பேசாது.

தம்பி, நீங்கள் எழுதியதை நீங்களே மறுபடியும் ஒருமுறை படியுங்கள். உங்கள் படம் எதைப் பற்றியது? சத்தம் போடாமல் இருப்பதைப் பற்றியது. ஒரு பிள்ளை தன் உடம்பு முழுவதையும் ஓசையில்லாமல் ஆக்கிக்கொள்வதைப் பற்றியது. அந்தப் படத்தின் மேல் 11 நிமிடம் இடைவிடாத ரீங்காரத்தை ஊற்றியிருக்கிறீர்கள்! அவன் எவ்வளவு கவனமாகக் கால் வைத்தாலும் யாருக்கும் கேட்காது. அவன் கவனமாக இருக்கிறான் என்பதே தெரியாது. பிறகு எப்படி நம்புவார்கள்?

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) 28 நிமிடம், ஏறத்தாழ முழுவதும் அசையாப் புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில் படம் அசைகிறது. படுத்திருக்கும் பெண் கண் திறந்து நம்மைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவள் தூங்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைகின்றன, பறவைகளின் ஒலி கூடிக்கொண்டே போகிறது. மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்திருந்ததால்தான் ஒரு கண் திறப்பு இடிபோல விழுகிறது. தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. ரீங்காரத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். இரைச்சலான பழைய ஒலியையும் எடுத்துவிடுங்கள். படம் முற்றிலும் ஊமையாகட்டும். அந்த நிலையில் ஒருமுறை பாருங்கள், கூச வைக்கும், பரவாயில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிவு செய்யுங்கள். ஊர் அடங்கிய பிறகு, அதே அறையில், அதே படியில், நடித்தவரின் வெறுங்காலில். கைபேசியே போதும், காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள், போர்வையால் சுற்றிலும் மறையுங்கள். சட்டைகளை விலக்கும்போது ஹேங்கர் கம்பியில் உரசும் ஓசையை விட்டுவிடாதீர்கள். மேல் அறைக்கு ஒரு வெறும் ஒலி, கீழ் அறைக்கு வேறொன்று. இரண்டும் ஒரே இடத்தில் எடுத்ததாகவே இருந்தாலும் ஒன்று ஜன்னல் திறந்து, ஒன்று மூடி. மூச்சை மட்டும் அவசரப்பட்டு வைக்காதீர்கள். அவன் உட்கார்ந்த பிறகு, பார்ப்பவர்களும் அமைதியான பிறகு, அப்போது கேட்கட்டும்.

அந்தத் தாழ்ப்பாள் படத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அலமாரிக்கு ஒன்று போடுங்கள். அந்த ஒரு ஷாட்டை மட்டும் திரும்ப எடுங்கள்.

பழைய சுருள்

அந்த ஷாட்டை நெருக்கத்தில் எடுங்கள். முகம் வேண்டாம். இரண்டு விரல், இரும்பு. போதும்.

பதினோராம் நிமிடம்

மூன்று வாரம் ஆயிற்று. இடையில் எதுவும் எழுதாததற்கு மன்னியுங்கள்.

தாழ்ப்பாள் ஷாட்டை எடுத்துவிட்டோம். நடிகரின் விரல்கள் சரியாக வரவில்லை, அதனால் அது என் கை. 22 நொடி நீளம், இதைவிடக் குறைக்க மனம் வரவில்லை. கூட எடுத்த இருவருக்கும் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர்களில் ஒருவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு படிக்கட்டு ஷாட்டை இன்னும் மெதுவாக வெட்டலாம் என்றான்.

ஊமைப் படமாக ஒருமுறை பார்த்தோம். கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு ஷாட் எதற்காக இருக்கின்றன என்றே தெரியவில்லை, நீக்கிவிட்டோம். படம் இப்போது 10 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஹேங்கர் ஓசை நான் நினைத்ததைவிடக் கூர்மையாக விழுகிறது. 'சாளரம்' அவர்கள் சொன்ன தற்செயலும் எங்களுக்கு ஒன்று கிடைத்தது: கீழ் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யும்போது தூரத்தில் எங்கோ ஒரு சரக்கு ரயில் போயிற்று. அழித்துவிட நினைத்து, கடைசியில் விட்டுவிட்டோம்.

'கதைதான் முதல்' அவர்களுக்கு: சீருடையை வைத்துப் பார்த்தோம். ஒரு நாள் வைத்தோம், மறுநாள் எடுத்தோம். இப்போது படத்தில் இல்லை. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் கடுமையாகப் பேசிய அந்த நண்பரை நேற்று மட்டும் அழைத்து, விளக்கணைத்துப் போட்டுக் காட்டினேன். தாழ்ப்பாள் ஷாட்டில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இவன் சுவரோரம் உட்கார்ந்து சில நொடி கழித்துத் தூங்குகிறவரின் மூச்சு கேட்கத் தொடங்குகிறது. அப்போது நண்பர் என் பக்கம் திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில், "முழித்துக்கொள்வாரா?" என்று கேட்டார். படம் முடிந்த பிறகு அலமாரியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒரு குறை மட்டும் மிச்சம். ஏழாவது படியில் கால் வைக்கும் ஓசை சிமெண்டு போலக் கேட்கவில்லை, பலகை போலக் கேட்கிறது. அன்று கைபேசியை மரப்பெட்டியின் மேல் வைத்திருந்தோம், அதனாலா? இன்று இரவு அதை மட்டும் மறுபடியும் பதிவு செய்யப் போகிறோம். 'ஒலிப்பெட்டி' அக்கா, கைபேசிக்கு அடியில் துணி வைத்தால் போதுமா, இல்லை கையிலேயே பிடித்துக்கொள்ளவா?